பச்சை ட்ரைபொட்டில் என் பெயர்

1. சனிக்கிழமை வந்த அழைப்பு

மார்கரெட்டின் ரைபிள் விழுந்த அன்று நான் கடையில் ஒரு கல்யாண வீடியோக்காரருக்குப் பற்றரி சார்ஜர் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கடைப் போன் அடித்தது. முதலாளி சிவம் அங்கிள் எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். முகம் சுருங்கியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உம்மைத்தான் கேக்கினம்."

"ஆர் அங்கிள்?"

"துவக்குச் சுடுற ரேஞ்சில இருந்து அந்த பஸ்கார மனிசி. உம்மட ட்ரைபொட்டில இருந்து துவக்கு விழுந்திட்டுதாம்."

எனக்கென்று ஒரு ட்ரைபொட் கிடையாது. கடைக்கு வரும் ட்ரைபொட்களை, அதாவது கமரா நிறுத்தும் மூன்றுகால் தாங்கிகளை, சோதித்து, எது ஆகும், எது ஆகாது என்று சொல்வது என் வேலை. அவ்வளவுதான். போனை வாங்கிக் காதில் வைத்தேன். மார்கரெட் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரைபிளில் குண்டு இல்லை, போல்ட் திறந்திருந்தது. ஆகவே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை" என்றார் ஆங்கிலத்தில். "என் கால்விரல் மட்டும் வீங்கியிருக்கிறது. குறிபார்க்கும் ஸ்கோப் உடைந்துவிட்டது. நான் பின்னுக்கு நகர்ந்தபோது ரைபிளின் தோள்வார் அந்த லீவரில் மாட்டியது. மாட்டியதும் ரைபிளைக் கவ்வியிருந்த கிளாம்ப் வாயைத் திறந்துவிட்டது. இப்படி நடக்கலாம் என்று நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"எந்த ட்ரைபொட், மார்கரெட்?"

"பச்சை. நீங்கள் பரிசோதித்தது. அதன் காலில் தொங்கும் அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறதே. பெயருக்குப் பின்னால் பட்டமும்."

அந்தப் பச்சை ட்ரைபொட்டை ரைபிளுக்கு விற்கவே கூடாது என்று சொன்னவள் நான்.

2. ட்ரைபொட் விற்கப் போன கதை

என் பெயர் தர்சிகா. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. போர் அவர்களை ஊர் ஊராக விரட்டிய காலத்தில் பள்ளிக்கூடம் என்றால் குடும்பத்தோடு படுத்து எழும்பும் கட்டடம். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இயந்திரப் பொறியியலில் முதல் வகுப்பு. இதை மெல்லிய குரலில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

பட்டம் வாங்கிய பிறகு நான் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு மறுப்பு வந்தது, இல்லையென்றால் ஒன்றுமே வரவில்லை. அப்பா அப்போது லண்டன் ரெய்னர்ஸ் லேனில் சிவம் அங்கிளின் கடைக்கு வான் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணவீடு, பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் கமரா, லைட், ட்ரோன் விற்கும், வாடகைக்கும் விடும் கடை. அங்கிள் ஜெர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். எதைப் பற்றிப் பேசினாலும் "ஜெர்மனியில எண்டா" என்றுதான் தொடங்குவார்.

"ஜெர்மனியில எண்டா இஞ்சினியரைத் தலையில வச்சுக் கொண்டாடுவினம்" என்றார் முதல் நாள். "இஞ்ச உம்மட படிப்புக்கு வேலை இல்லை. வேற கிடைக்குமட்டும் கல்லாவில நில்லும்."

நின்றேன். ஒரு நாள் மார்கரெட் உள்ளே வந்தார். உயரமான பெண், ஓய்வு பெற்ற லண்டன் பஸ் சாரதி. முழங்கால்கள் இரண்டும் அந்த ஆசனத்திலேயே தேய்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். இருப்பதிலேயே பெரிய ட்ரைபொட்டைத் தூக்கி, "இது எவ்வளவு பாரம் தாங்கும்?" என்று கேட்டார்.

"என்ன கமரா?"

"கமரா இல்லை. ரைபிள்."

கல்லாவில் இருந்த சிவம் அங்கிள் தலையை நிமிர்த்தாமலே தமிழில் கேட்டார்: "பிள்ளை, பொலிசுக்குப் போன் அடிக்கட்டோ?"

மார்கரெட் துப்பாக்கி சுடும் கழகத்தின் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். இலக்குச் சுடுதல். நெடுநாளாகத் தரையில் படுத்துச் சுட்டவர். இப்போது படுத்தால் எழும்ப முடியாது. நின்றோ, ஸ்டூலில் இருந்தோ ட்ரைபொட்டில் ரைபிளைப் பூட்டிச் சுடும் பிரிவு ஒன்று கழகத்தில் இருந்தது. அதில் சேர்ந்தால்தான் அவரால் விளையாட்டைத் தொடர முடியும். சுடும் சாமான் விற்கும் கடைகளில் இருந்தவை அவர் கைக்கு எட்டாத விலை. ஆகவே கமராக் கடைகளில் தேடித் திரிந்தார்.

அவர் போன பிறகு அங்கிள் என்னைக் கேட்டார்: "உண்மையாவே வெள்ளைக்காரர் துவக்குக்கு ட்ரைபொட் வாங்கினமோ?"

"ஓம் அங்கிள். கனபேர் இருக்கினமாம்."

"அப்ப நீர் அதைப் படியும். உமக்கு ஒரு பகுதி ஒதுக்கித் தாறன். ரைபிள் ட்ரைபொட் எண்டா தர்சிகாவிட்டைக் கேளுங்கோ எண்டு வரவேணும்."

எனக்கு அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ இஞ்ச நிண்டு துவக்குக்குக் கால் விக்கப்போறியோ?"

"அது விளையாட்டம்மா. கடதாசியில சுடுறவை."

"எல்லாரும் விளையாட்டெண்டுதான் தொடங்கினவை" என்றுவிட்டு அம்மா குசினிக்குள் போனார்.

3. லேசர் புள்ளியும் தட்டடவும்

எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரியாமல் சோதிக்க முடியாது. மார்கரெட் தன் விருந்தாளியாக என்னை ரேஞ்சுக்கு ஒரு முறை கூட்டிப்போனார். அவருடைய ஸ்கோப்புக்குள் பார்த்தேன். தூரத்து இலக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடியது. மூச்சு விட்டால் ஆடியது. பக்கத்து மேசையில் ஒருவர் சுட்டால் ஆடியது. ட்ரைபொட்டின் உச்சியில் ஒரு தலைமயிர் அகலத்துக்கு ஏற்படும் அசைவு, அவ்வளவு தூரத்தில் உள்ளங்கை அகலமாகிவிடுகிறது. எப்படிக் கால் வைப்பது என்று கழகத்துக் கிழவர்கள் இருவர் எங்களுக்குப் பின்னால் சண்டை பிடித்தார்கள். ஒரு காலை இலக்கை நோக்கி வை என்றார் ஒருவர், இரண்டு கால்களை என்றார் மற்றவர். "இவர்கள் இருவரும் இதைப் பற்றியே பேசி ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர் போகவில்லை" என்றார் மார்கரெட்.

எனக்குத் துப்பாக்கி அனுமதி கிடையாது. கடையில் ரைபிளைக் கையாள முடியாது. ஆகவே ரைபிளின் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாயை வெட்டுவித்தேன். ரைபிளுக்கு எங்கே பாரமோ அங்கெல்லாம் அரிசிப் பொட்டலங்களை வைத்து டேப்பால் சுற்றினேன். அடியில் ரைபிளில் இருப்பதுபோலவே, கிளாம்ப் கவ்விப் பிடிக்க ஒரு ரெயில் பட்டையைப் பூட்டினேன். மேலே ஒரு லேசர் பேனா.

"என்ன இது, புட்டுக்குழலுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி?" என்றார் அங்கிள்.

கடை நீளம் போதவில்லை. கோயில் மண்டபம் வார நாட்களில் சும்மா கிடக்கும். அங்கே ஒரு கோடியில் ட்ரைபொட், மறு கோடிச் சுவரில் லேசர் புள்ளி. அகப்பைக் காம்பால் ட்ரைபொட்டின் காலில் ஒரு தட்டு. புள்ளி எவ்வளவு தூரம் துள்ளுகிறது, எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று போனில் படம் பிடித்துப் பார்ப்பேன்.

முதல் நாள் எல்லா ட்ரைபொட்டும் தோற்றன. விலை கூடியதும் தோற்றது. தட்டாமலே புள்ளி துள்ளியது, அதுவும் தாளத்தோடு. சாமான்களை வானில் ஏற்றிவந்த அப்பா சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"பக்கத்து அறையில டான்ஸ் கிளாஸ், பிள்ளை. ரீச்சர் தட்டடவு குடுக்கிறா."

அது மரத் தரை. குழந்தைகள் அங்கே மிதிக்க, இங்கே என் ட்ரைபொட் ஆடியது. வகுப்பு இல்லாத நாளில், மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் தரையில் மறுபடி தொடங்கினேன். அன்று நான் கற்றது: ட்ரைபொட்டைக் குறை சொல்வதற்கு முன் அது நிற்கும் நிலத்தைப் பார்க்க வேண்டும். புல்லில் கூர்முனை, சீமெந்தில் ரப்பர். பாதம் நழுவினால் மேலே உள்ள எதுவும் உதவாது.

மற்றவையும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பெட்டியில் எழுதியிருக்கும் பாரக் கணக்கு, முறியாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஆடாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வதில்லை. கால் குழாய் தடிப்பாக இருக்க வேண்டும். மடிப்புகள் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மடிப்பும் ஓர் ஆட்டம். கால்களை நீட்டும்போது தடித்த குழாயை முதலில் நீட்டி, மெல்லியதைக் கடைசிக்கு விட வேண்டும். அலுமினியத்தைவிட நல்ல கார்பன் ஃபைபரில் நடுக்கம் விரைவாக அடங்கியது, ஆனால் மெல்லிய கார்பன் ஃபைபரைத் தடித்த அலுமினியம் வென்றது. நடுவில் உயர்த்தும் தண்டு இருக்கவே கூடாது. மூன்று காலில் நிற்பதை ஒற்றைக் காலில் நிறுத்துவதற்குச் சமம் அது. ரைபிளை அதன் பாரம் சமனாகும் இடத்தில் பூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிளாம்ப். சுடுபவர் ரைபிளில் சாய்ந்து தள்ளுகிறார். சுட்டதும் அது அவரைத் திருப்பித் தள்ளுகிறது. வார், உடுப்பு, கை எல்லாம் பக்கத்திலேயே உரசுகின்றன. கிளாம்ப் திருகி இறுக்குவதாக இருக்க வேண்டும், அல்லது லீவருக்கு இரண்டாவது பூட்டு இருக்க வேண்டும்.

இவற்றை வைத்து மார்கரெட்டுக்கு ஒரு கறுப்பு ட்ரைபொட்டைத் தேர்ந்தெடுத்தேன். தடித்த மூன்று மடிப்புக் கால், நடுத்தண்டு இல்லை, திருகும் கிளாம்ப். எங்கள் கையிருப்பில் அது அப்போது இல்லை. வந்ததும் எடுத்து வைக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

4. பச்சை

அந்த இடைவெளியில்தான் அங்கிள் தன் பச்சை ட்ரைபொட்களைக் கொண்டுவந்தார். உண்மையில் அவை புதியவை அல்ல. தொழிற்சாலை ஒன்றில் கல்யாண வீடியோக்காரருக்காக அவர் சொல்லிச் செய்வித்த ட்ரைபொட்தான். லண்டன் கல்யாண மண்டபங்களில் அதற்கு நல்ல பெயர். ஆட்கள் தலைக்கு மேலால் மணவறையைப் பிடிக்க நடுத்தண்டு உயரமாக எழும்பும். தாலி கட்டும் நேரத்தில் கல்யாணப் பொம்பிளையின் முகத்தைப் பிடிக்க ஓட வேண்டும். அதற்காக ஒரு விரலால் தட்டினால் கமரா கழன்று கையோடு வரும் லீவர். அதை அங்கிளே யோசித்துச் செய்வித்தவர். அதில் அவருக்கு மகா பெருமை. நியாயமான பெருமை. கல்யாணவீட்டுக்கு அதைவிட நல்ல லீவர் இல்லை.

அதே சாமானுக்குப் பச்சை நிறம் அடித்து, தலையில் ரைபிள் ரெயிலுக்கான வாய் ஒன்றை மாற்றி, ரைபிள் ட்ரைபொட் என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்.

ஒன்றை எடுத்துச் சோதித்தேன். நடுத்தண்டை இறக்கி வைத்தாலும் புள்ளி நெடுநேரம் ஆடியது. அதையாவது பொறுக்கலாம். ஒரு பழைய பையின் வாரைக் குழாயில் கட்டி, வாரை லீவரின் பக்கமாக இழுத்தேன். குழாய் அரிசியோடு நிலத்தில் விழுந்தது. திரும்பவும் செய்தேன். திரும்பவும் விழுந்தது.

அங்கிளைக் கூப்பிட்டு அவர் முன்னால் செய்து காட்டினேன்.

"கல்யாணத்தில காலமை தொடங்கிப் பின்னேரம் மட்டும் நிக்கிது. இதென்ன, ஒரு துவக்கைத் தாங்காதோ?" என்றார்.

"தாங்கிறது வேற, விடுறது வேற அங்கிள். கமரா கழண்டா அது ஆள்ர கையிலதான் வரும். இது கழண்டா நிலத்தில. ரைபிளுக்கு இதை விக்க ஏலாது. லீவருக்கு இன்னொரு பூட்டுப் போட்டா கொஞ்சம் யோசிக்கலாம். அப்பவும் நான் நல்லதெண்டு சொல்லமாட்டன்."

அவர் லீவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்த சத்தம்.

"சரி பிள்ளை. நீர் படிச்சனீர். பாப்பம்."

"பாப்பம்" என்றால் எங்கள் ஆட்களிடம் 'கேட்டேன், ஆனால் என் எண்ணப்படிதான் செய்வேன்' என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். தெரிந்தும், நான் செய்து காட்டியதைக் கண்ணால் பார்த்த மனிதர் அதை விற்கமாட்டார் என்று நம்பினேன்.

பிறகு வேறு நகரத்தில் நேர்முகத் தேர்வு ஒன்று வந்தது. அதற்குப் படிக்கவும் போகவும் லீவு எடுத்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை. நான் இல்லாத அந்த நாட்களில் மார்கரெட் கடைக்கு வந்து கறுப்பு ட்ரைபொட் வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அது வரவில்லை. பச்சை இருந்தது, என் பெயர் எழுதிய அட்டையோடு. பெயரைப் பார்த்துத்தான் அவர் அதை வாங்கினார்.

5. அட்டை கட்டிய கை

போனை வைத்துவிட்டுக் களஞ்சிய அறைக்குப் போனேன். பச்சைப் பெட்டிகள் கூரை முட்ட இருந்தன. ஒன்றைத் திறந்தேன். ட்ரைபொட்டின் காலில் சிவப்பு நூலில் ஓர் அட்டை. "பொறியியலாளரால் பரிசோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில். கீழே என் முழுப் பெயர், பட்டம்.

இரண்டாவதைத் திறந்தேன். அதிலும் அதே அட்டை, அதே முடிச்சு. இரட்டையாய்ப் போட்டுத் திருப்பி இழுத்த முடிச்சு. சிறு வயதில் என் சப்பாத்து நூலுக்கு அந்த முடிச்சைத்தான் அப்பா போட்டுவிடுவார். எவ்வளவு ஓடினாலும் அவிழாது.

அவர் வானை நிறுத்திவிட்டுப் பெட்டி தூக்க உள்ளே வந்தார்.

"அப்பா, இதை ஆர் கட்டினது?"

"நான்தான்." முகம் மலர்ந்துதான் சொன்னார். "எல்லாம் நான்தான் கட்டினனான். பெடியள் கட்டினா அவிழ்ந்திடும் எண்டு நான் விடேல்ல."

"இதில என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ?"

"உன்ர பேர். வீட்டில பட்டத்தில இருக்கிற அதே எழுத்து. எனக்கு அது தெரியாதோ?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், பேர் பிழையே?" என்றார்.

நான் சொன்னேன். பேர் சரி, மேலே எழுதியிருப்பதுதான் பொய் என்றேன். இதை நான் வேண்டாம் என்று சொன்னேன் என்றேன். ஒரு பெண்ணின் ரைபிள் விழுந்துவிட்டது என்றேன். அவர் ஒரு பெட்டியின் மேல் இருந்துகொண்டார்.

"உனக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்" என்றார். "சிவம் அண்ணை சொன்னவர், இனி உன்ர மகளின்ர பேரிலதான் யாவாரமெண்டு."

6. திங்கட்கிழமை

மார்கரெட் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வருவதற்கு முன் அங்கிள் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அது வழக்கமில்லாதது.

"இஞ்ச பாரும். வார் மாட்டினது அவவின்ர பிழை. வாரைக் கழட்டிப்போட்டெல்லோ பூட்டவேணும். யூசர் எரர். நீர் இஞ்சினியர், நீர் சொன்னா அவ நம்புவா. நான் சொன்னா நம்பமாட்டா."

"நான் வேண்டாமெண்டு சொன்ன சாமான் அங்கிள் அது. என்ர பேரை என்னட்டைக் கேக்காமப் போட்டிருக்கிறீங்கள்."

"உம்மட பேர் எங்கட பேர்தானே. நான் என்ன, பிறத்தி ஆளோ? உம்மட கொப்பர் இஞ்ச வரேக்க இங்கிலீசில தண்ணி கேக்கத் தெரியாது. ஆர் வேலை குடுத்தது?"

அப்பா வாசலடியில் நின்றார். அங்கிள் கடைக்கு முன்னால் போன பிறகு என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "அண்ணை சொன்ன மாதிரி ஒருக்காச் சொல்லிப்போட்டு விடன், பிள்ளை. இந்த வயசில என்னை ஆர் எடுப்பினம்?"

நான் மேசையில் கிடந்ததை ஒதுக்கி இடம் பண்ணினேன்.

மார்கரெட் நொண்டிக்கொண்டு வந்தார். பச்சை ட்ரைபொட்டை மேசையில் வைத்தார், அட்டையோடு. உடைந்த ஸ்கோப்பை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அங்கிள் ஒரு பக்கம், அப்பா மறுபக்கம். மார்கரெட் என்னைத்தான் பார்த்தார்.

"நான் ஏதாவது பிழை விட்டேனா?"

"இல்லை" என்றேன். "உங்கள் பிழை ஒன்றும் இல்லை. இந்த லீவர் ரைபிளுக்கு ஆகாது. இதைச் சோதித்துவிட்டு, விற்க வேண்டாம் என்று நான் சொன்னேன்."

மார்கரெட் அட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"அப்படியானால் இது யார் கட்டியது?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது. அது மூன்றடி தூரத்தில் நின்றது, கைகளைக் கட்டிக்கொண்டு, ஆங்கிலம் புரியாமல். கட்டச் சொன்னவர் வேறு, கட்டியவர் வேறு என்று விளக்கலாம். ஆனால் என் வாயால் அப்பாவைக் காட்டினால், மார்கரெட் அவரை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையை அப்பா வீட்டுக்குக் கொண்டுபோவார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மௌனம் அங்கிளுக்குப் போதுமாக இருந்தது. எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். நல்ல ஆங்கிலத்தில், தகப்பன் மாதிரி அன்பாகச் சொன்னார்: "இவள் இப்போதுதான் படித்து முடித்த பட்டதாரி. மிகவும் கெட்டிக்காரி. ஆனால் இளம் பிள்ளைகள், பிழை விடுவார்கள். எந்தப் பெட்டிக்கு எந்த அட்டை என்று குழம்பிவிட்டாள். பொறுப்பு என்னுடையது, மேடம். ஸ்கோப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு அந்தக் கறுப்பு ட்ரைபொட்டையும் வரவழைத்துத் தருகிறேன்."

மார்கரெட்டின் முகம் இளகியது. அவர் என்னைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதில் கோபம் இல்லை. புதிதாகப் பஸ் ஓட்டப் பழகும் ஒருத்தி நிறுத்தத்தைத் தவறவிட்டதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எல்லோரும் ஒருநாள் கற்றுக்கொள்வோம், மகளே. அடுத்த முறை கவனம்" என்றார்.

"கிராஜுவேட்" என்ற சொல் அப்பாவுக்குத் தெரியும். தோளில் வைத்த கையையும் பார்த்தார். முதலாளி என்னைப் புகழ்கிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டிச் சிரித்தார்.

7. பிறகு

அன்று வானில் வீட்டுக்குப் போகும்போது அப்பா கேட்டார்: "அண்ணை நல்லாச் சொன்னவர் என்ன?"

அட்டைக் குழப்பத்தை அங்கிள் என் தலையில் போட்டதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான் சொன்னேன். அவர் அடுத்த சிக்னலில் பச்சை விழுந்தும் வானை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"அப்ப நான்தான் கட்டினனான் எண்டு ஏன் நீ சொல்லேல்ல?"

"சொல்லி என்னப்பா?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகுதான் வானை எடுத்தார்.

நான் அந்த வாரமே வேலையை விட்டேன். அப்பா தன் வேலையை விடவில்லை, விடவும் முடியாது. அட்டைகளை வெட்டி எடுக்கிறேன் என்று அங்கிள் அவரிடம் சொல்லியிருக்கிறார். வெட்டினாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. சுடும் விளையாட்டுக்காரர் உலகம் சிறியது. நகருக்கு வெளியே ஸ்கோப் போன்ற ஒளியியல் சாமான் விற்கும் ஒரு கடைக்கு நேர்முகத்துக்குப் போனேன். மேலாளர் என் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி, "ரைபிள் விழுந்த அந்த ட்ரைபொட்டைச் சோதித்தது நீங்கள்தானே?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, பகிடியாகத்தான் கேட்டார். விளக்கம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். வேலை வேறு ஆளுக்குப் போனது.

இப்போது நில அளவைக் கருவிகளை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். அங்கேயும் ட்ரைபொட்தான். மரக் கால், இரும்புக் கூர், அசைத்தால் அசையாது. என் பெயர் எதிலும் இல்லை. சேர்ந்த நாளில் மேற்பார்வையாளரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்: நான் ஒரு கருவியை வேண்டாம் என்று ஒதுக்கினால், என்னைக் கேட்காமல் யாராவது அதை வெளியே அனுப்ப முடியுமா? அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "முடியாது, அதற்குத்தானே நீங்கள்" என்றார். அதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

படித்து முடித்துவிட்டு நம்மவர் கடையிலோ பிறத்தியார் அலுவலகத்திலோ முதல் வேலைக்குப் போகும் தங்கைமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் பட்டத்தை ஆசையாகக் கேட்பார்கள். சுவரில் மாட்டுவார்கள், அட்டையில் அடிப்பார்கள். நீங்கள் "வேண்டாம்" என்று சொன்னால் அது நிற்குமா என்று முதலில் கேளுங்கள். நிற்காது என்றால் உழைப்பைக் கொடுங்கள், சம்பளத்தை வாங்குங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போனுக்குச் சிவம் அங்கிள் அழைப்பெடுத்தார். அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"பிள்ளை, சுகமோ? புதுசாக் கொஞ்ச ட்ரைபொட் எடுக்கப்போறன். நீர் ஒருக்கா வந்து அந்த லேசர் விளையாட்டைக் காட்டிப்போட்டுப் போம்."

"நான் ஏலாதெண்டு சொன்னா எடுக்காம விடுவீங்களோ அங்கிள்?"

அவர் மனம் விட்டுச் சிரித்தார். "எடுக்கிறதும் விடுறதும் என்ர வேலையெல்லோ. நீர் பாத்தனீர் எண்டாப் போதும்."

நான் வாயைத் திறக்க முன் அப்பா போனைக் கையில் எடுத்தார்.

"அண்ணை, அவ வரமாட்டா. அட்டை கட்டுறதெண்டா நான் கட்டித் தாறன். அவவின்ர பேர் போடாமக் குடுங்கோ."

மறுபக்கம் சிரிப்பு நின்றது. "சரி பாப்பம்" என்றார் அங்கிள். மறுநாள் காலை அப்பா வழக்கம்போல வானை எடுத்துக்கொண்டு அவருடைய கடைக்கே போனார்.